விருத்தாசலத்துக்காக நான் போட்ட டிக்

விருத்தாசலத்துக்கு நீச்சல் தெரியாது. நாற்பது வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அது தெரியாது. தெரியாததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கப்பலில் நீட்டிய படிவத்தில், நீச்சல் தெரியுமா என்ற கேள்விக்கு நேராக, அவருக்கும் சேர்த்து நானே ஆம் என்று டிக் போட்டேன். அந்த டிக் அவர் உயிரை எடுக்கப் பார்த்தது. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் வேறு எதை எழுதினாலும் அது பாதிப் பொய்யாகத்தான் இருக்கும்.

என் பெயர் சீனுவாசன். திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். விருத்தாசலம் பெயிண்டிங் கான்ட்ராக்டர். இருவருக்கும் வல்லம் பக்கத்தில் ஒரே கிராமம். நான் ஊர், அவர் காலனி. ஐந்தாவது வரை ஒரே வகுப்பு. இருந்தாலும் நான் அவரை வாடா போடா என்பேன், அவர் என்னை மொதலாளி, வாங்க போங்க என்பார். இருவருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது அவர் என்கிறேன். அந்தப் பயணம் வரை என் வாயில் அவன்தான்.

வேலையில் அவரைப் போல ஒருவரை இந்த விழுப்புரம் மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ஒரு நாலு மாடி லாட்ஜ் இருக்கிறது. அதன் பின்பக்கச் சுவருக்கு, மேலிருந்து கயிறு கட்டிப் பலகையில் தொங்கிக்கொண்டு தனியாளாகப் பெயிண்ட் அடித்து முடித்தார். கயிற்றை அவரேதான் கட்டுவார். கட்டிய பிறகு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். மேலே நிற்கிற ஆளிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, "இப்ப நான் இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லு" என்பார். சொல்லவில்லை என்றால் இறங்க மாட்டார். மற்ற பெயிண்டர்கள் அவருக்கு மிலிட்டரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டப்பாவின் மேல் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிப்பார். அந்த டப்பாவை விற்கிற நான் ஒரு வரி படித்ததில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் வேலை செய்த ஒருவரும் கீழே விழுந்ததில்லை.

பெயிண்ட் வாளிக்குள் டோக்கன் இருக்கும். கான்ட்ராக்டர்கள் அதை போனில் ஏற்றினால் பாயிண்ட் சேரும். போன வருடம் மாவட்டத்திலேயே அதிகப் பாயிண்ட் விருத்தாசலத்துக்கு. டீலர்களில் எனக்கும் விழுப்புரம் மணிமாறனுக்கும் டார்கெட் முடிந்தது. கம்பெனி எங்களைக் குடும்பத்தோடு சென்னையிலிருந்து கப்பலில் இலங்கைக்கு அனுப்பியது. நானும் என் மனைவி தையல்நாயகியும், விருத்தாசலமும் அவர் மனைவி பூமாலையும், இன்னும் நாற்பது பேரும். விருத்தாசலத்துக்கு அதுதான் முதல் பாஸ்போர்ட். புகைப்படத்தில் யாரோ திட்டியது போல முகத்தை வைத்திருந்தார்.

இரண்டாம் நாள் கப்பல் நடுக்கடலில் இருந்தது. மேல் தளத்தில் ஒரு நீச்சல் குளம். அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் நிற்கவில்லை. எங்கள் கிணற்றில், மோட்டார் கொட்டகைக் கூரை மேலிருந்து குதித்து வளர்ந்தவன் நான். லுங்கியை அவிழ்த்து, டவுசரோடு ஓடி வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். கரையில் படுத்திருந்தவர்கள் எல்லாம் நனைந்தார்கள். காவலுக்கு நின்றவன் விசில் ஊதினான். விருத்தாசலம் என் துண்டையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்று சிரித்தார்.

"நீயும் வாடா" என்றேன்.

"இல்லைங்க மொதலாளி, சளி புடிச்சிக்கும்."

நான் நம்பினேன். அவர் எதைச் சொன்னாலும் நம்புவது எனக்குப் பழக்கம், மேற்கொண்டு காரணம் கேட்காததும் பழக்கம்.

அன்று மதியச் சாப்பாட்டின்போது ரஞ்சித் படிவத்தோடு வந்தான். பயண ஏற்பாடெல்லாம் அவன் பொறுப்பு. மறுநாள் காலை கொழும்பில் இறங்குகிறோம், மூன்று சுற்றுலாவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நாலு மணிக்குள் படிவம் கொடுக்க வேண்டும் என்றான். ஒன்று கோயில்களும் கடைத்தெருவும். இரண்டாவது யானைகள். மூன்றாவது ஆற்றில் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் பாறைகளுக்கு நடுவே துடுப்புப் போட்டுக்கொண்டு போவது. ஒரு படகுக்கு ஆறு பேர் வேண்டும், குறைந்தால் அந்தச் சுற்றுலா கிடையாது என்றான்.

எனக்கு ராஃப்டிங்தான். மணிமாறனுக்கும் அதுதான். கூட மூன்று பேர் சேர்ந்தார்கள். ஐந்து ஆயிற்று.

விருத்தாசலம் கோயில் என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். நான் அவர் கையிலிருந்த படிவத்தை வாங்கி, அதை அடித்துவிட்டேன்.

"மொதலாளி, பூமாலை கோயிலுக்குப் போலாம்னு..."

"பூமாலை போவட்டும், கூட எங்க வீட்டம்மா இருக்குது. ஊர்ல இல்லாத கோயிலாடா? உன்னால அஞ்சு பேரோட பிளான் கெடணுமா?"

படிவத்தின் கீழே பெட்டி பெட்டியாகக் கேள்விகள். இதய நோய் உண்டா, இல்லை. அறுவை சிகிச்சை, இல்லை. நீச்சல் தெரியுமா.

"இவனுக்கா? எங்க ஊர்க்காரன்யா, கெணத்துலயே பொறந்தவன்" என்று மேசைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு டிக் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். விருத்தாசலம் வாயைத் திறந்தார். "அது வந்து..." என்றார். நான் பேனாவை அவர் கையில் திணித்து, "ஜல்தி கையெழுத்துப் போடு, அந்தப் பையன் நிக்கறான் பாரு" என்றேன்.

டப்பாவின் பொடி எழுத்தைக் கடைசி வரி வரை படிக்கிற மனுஷன், அந்த டிக்கை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் நாங்கள் சீட்டாடிக்கொண்டிருந்தபோது மறுபடி வந்தார். "மொதலாளி, ஒரு விஷயம், தனியா பேசணும்" என்றார். என் கையில் அப்போதுதான் ரம்மிக்கு ஒரு சீட்டு பாக்கி.

"இன்னாடா, ஆத்த நெனச்சி பயமா? அறுவது அடி வாட்டர் டேங்க் மேல நின்னு பெயிண்ட் அடிச்சவன்தானே நீ?" என்றேன். மணிமாறன், "மிலிட்டரிக்கே பயமா?" என்று எடுத்துக் கொடுத்தான். மேசையே சிரித்தது. விருத்தாசலமும் சிரித்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க, ஆடுங்க" என்று போய்விட்டார். அன்றிரவு அவர் ஒரு தோசையைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்து போனதாகத் தையல்நாயகி பிறகு சொன்னாள்.

காலையில் துறைமுகத்தில் பஸ்கள் தனித்தனியாக நின்றன. பூமாலை கோயில் பஸ்ஸில் ஏறப் போனவர், திரும்பி என்னிடம் வந்தார். அவர் என்னிடம் நேராகப் பேசுவது அபூர்வம்.

"மொதலாளி, அவரு பக்கத்துலயே இருங்க. தனியா உட்டுறாதீங்க."

"போம்மா, பேஜாரு பண்ணாத. ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து சேக்கறேன், போதுமா?"

அவர் விருத்தாசலத்தைப் பார்த்தார். விருத்தாசலம் கண்ணாலேயே போ என்றார். அவர் போனார்.

பஸ் மூன்று மணி நேரம் மலைப்பக்கமாக ஏறியது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் வழியெல்லாம் பாடினேன். விருத்தாசலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆறு தெரிகிற இடத்திலெல்லாம் எட்டிப் பார்த்தார். "எவ்ளோ ஆழம் இருக்கும் மொதலாளி?" என்று ஒரு தடவை கேட்டார். "உனக்கு இன்னா ஆழம், எங்க கெணறு அம்பது அடி" என்றேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆற்றின் சத்தம் ஆற்றுக்கு முன்னால் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் வருடத்தில் பத்து மாதம் மணல். இது பழுப்பாக, பாறைகளில் மோதி நுரைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவன் பேச்சு கேட்காத அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. படகோட்டியின் பெயர் ராஜாமணி. தேயிலைத் தோட்டத்துத் தமிழர், முப்பது வயதிருக்கும். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் மாட்டிவிட்டு எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"மேல மழை. தண்ணி கூடித்தான் இருக்கு. விழுந்தீங்கன்னா எழும்பி நிக்கப் பார்க்காதீங்க. கால் கல்லுக்குள்ள மாட்டிக்கும், தண்ணி தலைய அமுக்கிரும். மல்லாக்கப் படுங்க. ரெண்டு காலையும் முன்னுக்கு நீட்டி, விரல் வெளிய தெரியணும். நான் கயிறு எறிவேன், பிடிச்சுக்கங்க."

நானும் மணிமாறனும் துடுப்பைக் கத்தி போல வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். விருத்தாசலம் மட்டும் கேள்வி கேட்டார்.

"கயித்த கையில சுத்திக்கலாமுங்களா?"

"சுத்தவே கூடாது. தோளுக்கு மேல போட்டு ரெண்டு கையாலயும் பிடிங்க."

பெயிண்டர்கள் கயிற்றைக் கையில் சுற்றித்தான் பிடிப்பார்கள். அது அவர்களுக்கு மூச்சு மாதிரி. விருத்தாசலம் உதட்டை அசைத்து, கேட்டதைத் தனக்குத்தானே திருப்பிச் சொல்லிக்கொண்டார். ஜாக்கெட்டின் பட்டிகளை ஒவ்வொன்றாக மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

பிறகு ராஜாமணி கேட்டார். "ஃபாரத்தில எல்லாருக்கும் நீச்சல் தெரியும்னு இருக்கு. இருந்தாலும் கேக்கிறேன். தெரியாதவங்க கை தூக்குங்க. வெக்கப்படாதீங்க, நான் பக்கத்தில உட்கார வச்சுக்குவேன்."

ஒருவரும் தூக்கவில்லை. விருத்தாசலத்தின் வலது கை துடுப்பை விட்டு ஓரங்குலம் எழுந்ததை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணடித்தேன். கை மறுபடி துடுப்பில் படிந்தது.

"எங்க ஊர்க்காரனும் நானும் முன்னாடி" என்றேன். முன்னால் உட்காருபவர்கள்தான் அலையில் முதலில் மோதுபவர்கள் என்று ராஜாமணி சொல்லியிருந்தார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் சரிவு சுலபமாகப் போயிற்று. கத்தினோம், நனைந்தோம், மணிமாறன் துடுப்பைத் தூக்கி ஆடினான். விருத்தாசலம் சொன்னதை மட்டும் செய்தார். முன்னுக்கு என்றால் முன்னுக்கு, நிறுத்து என்றால் நிறுத்து. அவர் தாடை இறுகியிருந்ததைப் பார்த்தேன். ரசிக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டாவது சரிவில் படகு ஒரு பாறையில் ஏறி இடப்பக்கம் சாய்ந்தது. நான் வலப்பக்கம், படகின் ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது இடப்பக்கத்தில் ஆள் இல்லை. துடுப்பு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீரில் தேடினேன். எங்கும் இல்லை. அப்போது என் காலடியில், படகின் ரப்பர் தரைக்குக் கீழே, ஏதோ முட்டியது. ஒரு முறை. கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை. அவர் தலை அது. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு ரப்பர் தரைதான், நான் அவர் மேல் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து நின்றேன். "உட்காருங்க!" என்று ராஜாமணி அலறினார்.

படகுக்கு முன்னால் இருபதடி தள்ளிச் சிவப்பு ஹெல்மெட் வெளியே வந்தது.

"நீச்சலடி! விருத்தாசலம், கரப்பக்கம் அடிடா!"

அவர் கை அசையவில்லை. ஒரு முறை கூட அசையவில்லை. முகம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று. நீந்தத் தெரிந்தவன், சாகப் போகிறவனாக இருந்தாலும், கையை அடிப்பான். அது தன்னால் வரும். அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? கிணற்றுத் தண்ணீர் நிற்கும், நாலு பக்கமும் சுவர் இருக்கும். இந்தத் தண்ணீரில் நான் குதித்திருந்தால் இரண்டு பிணம். பூமாலையின் முகம் வந்தது. ஒரு கீறல் இல்லாமல் என்று சொல்லியிருந்தேன்.

"மல்லாக்க! கால் மேல!" என்று கத்தினார் ராஜாமணி.

ஹெல்மெட் புரண்டது. இரண்டு பாதங்களின் நுனி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அவர் அவ்வளவு தண்ணீரைக் குடித்துக்கொண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாரோ என்னவோ. ஓட்டத்தில் கொஞ்சம் கீழே, வீட்டளவு ஒரு பாறை, தண்ணீர் அதனடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. ராஜாமணி எறிந்த கயிறு அவருக்கு இந்தப் பக்கம் விழுந்தது. சுருட்டி இழுத்தார். அந்த நேரம் முடியவே இல்லை. மறுபடி எறிந்தார். அது அவர் மார்பின் குறுக்கே விழுந்தது.

விருத்தாசலம் கயிற்றைப் பிடித்தார். தோளுக்கு மேல், இரண்டு கையாலும், சுற்றாமல்.

கரையில் இழுத்துப் போட்டதும் பழுப்புத் தண்ணீராக வாந்தியெடுத்தார். புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. உதடு நீலமாக இருந்தது. ராஜாமணி அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, கோபத்தோடு கேட்டார்.

"உங்களுக்கு நீந்தவே தெரியாதே! ஃபாரத்தில பொய் எழுதினது யாரு? நீங்க செத்திருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

மணிமாறனும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். விருத்தாசலம் வாயைத் துடைத்துக்கொண்டு, "நான்தாங்க. சமாளிச்சிடலாம்னு போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க" என்றார்.

"இன்னா மிலிட்டரி, இப்புடிப் பண்ணிட்ட" என்றான் மணிமாறன்.

நான்தான் போட்டேன் என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். நாற்பது பேர் எதிரில் சத்தமாகப் பேசத் தெரிந்த எனக்கு, அங்கே வாய் வரவில்லை. அந்த நிமிடத்துக்காக நான் வெட்கப்படுகிற அளவுக்கு வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை என்று, அப்போது நினைத்தேன். அதற்கும் ஒரு மணி நேரம்தான் ஆயுள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கம்பளி போர்த்தியிருந்தார். புருவத்தில் பிளாஸ்திரி.

"ஏன்டா சொல்லல?"

"ரெண்டு தபா சொல்ல வந்தேங்க. நீங்க பேச உடல."

"கரையில அந்த ஆளு கேட்டாரே. கை தூக்கியிருக்கலாமே."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தூக்குனா மணிமாறன் சார் சும்மா இருப்பாரா? ஒரே ஊரு, அவருக்குத் தெரியுது, உனக்கு மட்டும் எப்புடித் தெரியலன்னு கேப்பாரு. நான் இன்னான்னு சொல்றது? ஊர்ல ஏழு கெணறு, ஒண்ணுல கூட எங்கள எறங்க உட்டதில்லன்னா? கூட வந்த எடத்துல உங்க மரியாத இன்னாவறது?"

என் மரியாதைக்காக அவர் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. தாங்க முடியாதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

"எங்க கெணத்துல உன்ன யாருடா தடுத்தா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டது போலப் பார்த்தார்.

"மூணாவது படி வரிக்கும் எறங்குனேங்க. நீங்கதான் கத்துனீங்க."

வந்துவிட்டது. எல்லாம் வந்துவிட்டது. நாலாவது படித்தோம். முழுப்பரீட்சை முடிந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து நேராக எங்கள் கிணற்றுக்கு ஓடினோம். அவரும் பின்னாலேயே வந்தார். நாங்கள் குதித்தோம். அவர் மோட்டார் கொட்டகைச் சுவரில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, படிக்கட்டில் மெதுவாக, ஒவ்வொரு படியாக, காலால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்க இறங்கினார். நான் நடுக்கிணற்றில் மிதந்துகொண்டே தலையைத் தூக்கிக் கத்தினேன்: "யப்பா, விருத்தாசலம் கெணத்துல எறங்கறான்!" என்னை யாரும் கத்தச் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயது. கத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா மாட்டுக் கழியோடு வந்தார். விருத்தாசலம் ஓடினார்.

"சட்டையக்கூட எடுக்காம ஓடுனேன்" என்றார் இப்போது. "இஸ்கூல்ல குடுத்த புதுச் சட்ட. எங்கம்மா ஒரு வாரம் கேட்டுக்கினே இருந்துச்சி. அத்த இன்னா பண்ணீங்க மொதலாளி?"

நாற்பது வருடமாக என்னோடு பழகுகிறவர், ஒரு நாளும் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லலாம். நம்பிவிடுவார், அல்லது நம்பியதுபோல இருந்துவிடுவார். ஆனால் எனக்குத் தெரியும். அந்தச் சட்டை இரண்டு கோடை எங்கள் கொட்டகையில்தான் கிடந்தது.

"மோட்டாரு தொடச்சோம்" என்றேன். "ஆயில் துணியா. நானும் தொடச்சிருக்கேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வேலையில் விட்டுப்போன கணக்கு சரியாகிவிட்டது என்பது போல. எனக்குக் கண் மறைத்தது. "விருத்தாசலம், நான் தப்புப் பண்ணிட்டேன். அன்னிக்கும், நேத்தும், கரையிலயும்" என்றேன். பரவாயில்லைங்க என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

முன் இருக்கையிலிருந்து ரஞ்சித் போனை நீட்டினான். கோயில் பஸ்ஸிலிருந்து பூமாலை அக்கா பேசுகிறார்கள் என்றான். விருத்தாசலம் வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது. நல்லா இருக்கியா, தண்ணில எறங்குனியா, மொதலாளி கூடவே இருந்தாரா என்று விடாமல் கேட்டது.

விருத்தாசலம் புருவத்துப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார். "இருந்தாரு. பக்கத்துலயேதான் இருந்தாரு."